ஐந்தாம் படுக்கைக்குத் துக்கம் கேட்கப் போன கதை

எங்கள் டயாலிசிஸ் சென்டரில் யாரும் செத்ததே கிடையாது. நான் சேர்ந்த முதல் மூன்று வருஷத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. எல்லோரும் தாணேவுக்கு மாறிப் போனார்கள். தாணே இல்லாவிட்டால் வாஷி.

செவ்வாய்க்கிழமை வரை எதிர்ப் படுக்கையில் கிடந்து மருமகளைத் திட்டிக்கொண்டிருந்த மனுஷர் வியாழக்கிழமை வரமாட்டார். டெக்னீஷியனைக் கேட்டால் அவர் ஊசியைப் பார்த்தபடியே, தாணேவில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்துவிட்டது, மாறிவிட்டார் என்று இந்தியில் சொல்லுவார். அந்த மனுஷருக்கு வீடு சயானில் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டோம். மத்தியானத்துக்குள் அந்தப் படுக்கைக்குப் புது விரிப்பு வந்துவிடும்.

நான் முப்பது வருஷம் மும்பை ஹார்பர் ரயில் லைனில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தவள். சிறுநீரகம் கைவிட்ட பிறகுதான் அந்த நாற்காலியை விட்டேன். வாஷிக்குக் காலையில் எத்தனை பேர் போகிறார்கள், சாயங்காலம் எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று என் விரலுக்குத் தெரியும். போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வராத ஸ்டேஷன் எதையும் நான் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பொய்யைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். கோபம் எனக்குப் பிறந்ததிலிருந்தே வரும், அது வேறு விஷயம்.

சென்டர் சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே, ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறது. எட்டுப் படுக்கை, எட்டு மிஷின். செவ்வாய், வியாழன், சனி காலை ஏழு மணிக்கு எங்கள் கூட்டம். வந்தவுடன் எடை பார்ப்பார்கள். போன தடவைக்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அந்த எடை எல்லோர் முன்னாலும் காட்டிக்கொடுத்துவிடும். கல்யாண வீட்டில் ரசம் குடித்தவர் திருட்டு முழி முழிப்பார். பிறகு கையில் இரண்டு ஊசி, நாலு மணி நேரம். எங்களுக்குள் படுக்கை எண்தான் பெயர். நான் நாலாம் படுக்கை.

எனக்கு இடது பக்கம் மூன்றாம் படுக்கை, வலது பக்கம் ஐந்தாம் படுக்கை. மூன்றாம் படுக்கை அறுபது தாண்டிய பெண், வடாலாக்காரி, முனிசிபல் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக வேலை பார்த்தவள். யாரோடும் ஒத்துப்போகமாட்டாள். ஃபேன் ஓடினால் நிறுத்தச் சொல்லுவாள், நின்றால் போடச் சொல்லுவாள். ஐந்தாம் படுக்கைக்கு முப்பத்தாறு வயசு. கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். புருஷனுக்குத் தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை, ஜிப் வைத்துத் தைப்பது இவள் வேலை. சென்டருக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகியிருந்தது.

வந்த புதிதில் ஊசியைக் கண்டாலே அழுவாள். அவளைப் பேசிப் பேசித் தேற்றியது சண்டைக்காரி மூன்றாம் படுக்கைதான். நான் நடுவில் கிடப்பேன். பேச்சு என் தலைக்கு மேலே போய் வரும். ஒரு நாளைக்கு அனுமதித்த தண்ணீரைக் காலையிலேயே அளந்து, அதில் பாதியை ஐஸ் தட்டில் ஊற்றி வைத்துவிட வேண்டும், தாகம் எடுத்தால் ஒரு கட்டியை வாயில் போட்டு அடக்கிக்கொள்ள வேண்டும் என்று ஒருத்தி சொல்லுவாள். மற்றவள் தட்டில் எத்தனை குழி என்று கேட்பாள். இப்படியே பேசிப் பேசி இரண்டு மாசத்தில் ஐந்தாம் படுக்கை ஊசிக்கு அழுவதை நிறுத்திவிட்டாள்.

அந்தப் பெண்ணிடம் கைத்தொழில் இருந்தது. எங்களுக்கெல்லாம் ஊசி போடுகிற கையின் சட்டையைத் தோள் வரை சுருட்டி வைக்க வேண்டும். அது நாலு மணி நேரம் இறுக்கும், ஊசி பக்கத்தில் உரசும். அவள் தன் சட்டைக் கையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு ஜிப் வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். சர்ரென்று திறந்தால் கை வெளியே. டெக்னீஷியனே அசந்து போனார். அடுத்ததாக மூன்றாம் படுக்கைக்கு ஒரு ஜாக்கெட் தைக்க ஆரம்பித்தாள். நீல நிறம், தோல் பையில் வைக்கிற அதே பித்தளை ஜிப்.

அது தைத்து முடிவதற்குள் மூன்றாம் படுக்கை தாணேவுக்குப் போய்விட்டாள்.

எங்களுக்கெல்லாம் புரிந்தது. ஐந்தாம் படுக்கைக்குப் புரியவில்லை. அவள் நம்பிவிட்டாள். ஜாக்கெட்டை முடித்து, மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்து, தாணே சென்டர் நம்பர் கொடுங்கள், நான் பேசி அனுப்பிக்கொள்கிறேன் என்று டெக்னீஷியனைக் கேட்டாள். அவர் நம்பர் தேடுகிறேன் என்றார். அடுத்த தடவையும் தேடுகிறேன் என்றார். மூன்று வாரம் அந்தப் பை அவளோடு வந்து போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை அவர் தொந்தரவு தாங்காமல், தாணேவுக்கு ஆள் போகிறது, நான் கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டார். கொண்டுபோய்ப் பழைய விரிப்புகள் போடுகிற அலமாரியில் சொருகினார். படுத்த இடத்திலிருந்து நான் அதைப் பார்த்தேன்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"ஏட்டி, தாணேயும் இல்ல, பூனாவும் இல்ல. அவ செத்துட்டா. மூணு வாரமாச்சு. அந்தச் சட்டைய வாங்கி உள்ள வை."

சொன்ன சத்தம் எட்டுப் படுக்கைக்கும் கேட்டது. அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் ரத்த அழுத்தம் இறங்கி மிஷின் கூவியது, ஓடி வந்து காலைத் தூக்கிவைத்தார்கள். முடிந்ததும் எழுந்து, என் பக்கம் பார்க்காமலே போனாள். உண்மையைத்தானே சொன்னேன் என்று நான் வீறாப்பாகக் கிடந்தேன்.

வியாழக்கிழமை அவள் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. டெக்னீஷியன் என் கையைத் தடவி நரம்பு பார்த்துக்கொண்டே, அவள் வாஷிக்கு மாறிவிட்டாள் என்றார்.

நான்தான் அவளைக் கொன்றேன் என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், இப்போது மெருகு போட்டுச் சொல்லவில்லை. ஆறாம் படுக்கையில் மாட்டுங்கா சார் ஒருவர் இருந்தார், காப்பீட்டு ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், தமிழ் கிராஸ்வேர்ட் போடுகிறவர். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"சின்னப் பொண்ணும்மா அது. அவா ஆத்துக்குப் போய் ஒரு வார்த்தை கேக்கணும். நமக்கும் ஒரு நாள் வாஷியோ தாணேயோ சொல்லத்தான் போறா, அதுக்காக இப்படியே பேசாம கிடக்கறதா?"

மூன்றாம் படுக்கைக்கு நாங்கள் யாரும் போகவில்லை. இதற்கு முன்னால் யாருக்குமே போகவில்லை. பொய்யை வாங்கி வைத்துக்கொண்டால் துக்கம் விசாரிக்கப் போக வேண்டிய வேலை இல்லை, அந்த வசதி எங்களுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் செம்பூரிலிருந்து டாக்ஸி பிடித்துத் தாராவித் தொண்ணூறு அடி ரோட்டில் இறங்கினேன். சார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னமே வந்து நின்றார். சென்டரில் விலாசம் தரமாட்டார்கள். ஆனால் ஜிப் மொத்தக்கடைக்கு எதிர்ச் சந்து, கீழே பட்டறை, மேலே வீடு என்று அவள் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். நான் பிறந்து வளர்ந்ததே தாராவி. பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டேன். வழியெல்லாம் சார், முஸ்லிம் வீட்டில் என்ன சொல்லி ஆறுதல் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். வாயைத் திறந்து மனசில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றேன். எனக்கே என்ன சொல்லுவதென்று தெரியவில்லை.

பட்டறையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடந்தது. அவள் புருஷன் வெட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு வெட்டாமல் இருந்தார். சவரம் செய்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். சென்டரிலிருந்து வருகிறோம் என்றேன். எழுந்தார். சார் போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

ரொம்ப நல்ல பெண், எங்கள் எல்லோருக்கும் மகள் மாதிரி என்று ஆரம்பித்தவர் முடிக்காமலே அழுதுவிட்டார். புருஷனும் அவரைப் பார்த்து, ஆமாம் சார், ஆமாம் சார் என்று தேம்பித் தேம்பி அழுதார். தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது மேலேயிருந்து குரல் வந்தது.

"யாரு வந்திருக்கா? ஏன் மிஷின நிப்பாட்டிட்டிய?"

அது ஐந்தாம் படுக்கையின் குரல். சார் பிடித்த கையை விடாமல் மேலே பார்த்தார். புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்கள் சென்டர் ஆட்கள்தான் என்று மேலே பார்த்துச் சொன்னார். எங்களிடம் திரும்பி, அஞ்சு நாளாக வரமாட்டேன் என்கிறாள், கெஞ்சியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன், நீங்களாவது சொல்லுங்கள் என்றார். சென்டரிலிருந்து போன் வந்தபோது என்ன சொல்லுவதென்று தெரியாமல், வாஷியில் தம்பி வீட்டில் இருக்கிறாள், அங்கேயே பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டாராம். டெக்னீஷியன் அந்த ஒரு தடவை, தான் கேட்டதை அப்படியே எங்களிடம் சொல்லியிருக்கிறார். மூன்று வருஷம் பொய் சொன்ன மனுஷர் வாயிலிருந்து வந்ததை நாங்கள் சாவுச் செய்தி என்று எடுத்துக்கொண்டோம்.

இரும்பு ஏணிதான் மாடிப்படி. நானும் சாரும் மூச்சு வாங்க ஏறினோம். மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது. முகம் உப்பியிருந்தது, கால் இரண்டும் பூரித்துப் பளபளத்தன. எங்கள் எல்லோருக்கும் அந்தக் காலைத் தெரியும். இன்னொரு நாள் போனால் என்ன ஆகும் என்றும் தெரியும்.

எதுக்கு வந்திய என்று கேட்டாள். எனக்கு நல்ல விதமாகப் பேசத் தெரிந்திருந்தால் வேறு எதையாவது சொல்லியிருப்பேன்.

"நீ செத்துட்டேன்னு துக்கம் கேக்க வந்தோம்."

ஒரு நிமிஷம் முழித்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், புருஷன் ஓடி வந்து முதுகைத் தடவினார். இருமிக்கொண்டே, கீழே இவர் அழுதது அதற்குத்தானா என்று சாரைக் காட்டிக் கேட்டாள். சார் வெட்கப்பட்டுக்கொண்டு ஆமாம் என்றார். ஒரு பையன் மூன்று கிளாஸ் டீ கொண்டுவந்து வைத்தான். மூன்று பேரும் அந்த டீயைப் பார்த்தோமே தவிர ஒருவரும் எடுக்கவில்லை. சார், இன்றைக்கு என் அளவு முடிந்துவிட்டது என்று முணுமுணுத்தார். புருஷன்தான் மூன்றையும் எடுத்துக்கொண்டு போனார்.

அவள் சிரிப்பு அடங்கிய பிறகு சொன்னாள், குரலை உயர்த்தாமல்.

"எனக்கு வேண்டாம்க்கா. அவுக என்னிய அம்புட்டு தேத்துனாக. அவுகளே போயிட்டாக. ஆறு மாசமோ ஒரு வருசமோ ஊசி குத்திக் குத்தி, கடைசில நானும் அங்கதான போகப் போறேன். அதுக்கு இப்பவே போறேன்."

ஆறு மாசமோ ஒரு வருஷமோ. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. மூன்றாம் படுக்கையும் தன்னைப்போலக் கொஞ்ச நாளைக்கு முன்னால் வந்தவள் என்று இவள் நினைத்திருக்கிறாள். யாரும் சொல்லவில்லை. டெக்னீஷியன் செத்ததை மறைத்தார். நான் பெரிய உண்மைக்காரி மாதிரிக் கத்தினேனே, நானும் செத்ததை மட்டும்தான் சொன்னேன்.

"அவ எத்தன வருசம் மிஷின்ல கெடந்தான்னு ஒனக்குத் தெரியுமா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"பதினொண்ணு."

எம்புட்டு என்று கேட்டாள். பதினொன்று என்று சார் இங்கிலீஷிலும் ஒரு தடவை சொன்னார்.

பிறகு நான் சொன்னேன். மூன்று வருஷமாகப் பக்கத்துப் படுக்கையிலிருந்து அவள் பேசியதெல்லாம் சொல்லச் சொல்ல எனக்கே ஞாபகம் வந்தது. அந்தப் பதினோரு வருஷத்தில் மகளுக்குக் கல்யாணம் முடித்தாள். ஊர்க் கோயில் கொடைக்கு இரண்டு தடவை திருநெல்வேலி போனாள், அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டுக்குப் பின்னால் கழிவு நீர் தேங்குகிறது என்று முனிசிபாலிட்டியில் போய் உட்கார்ந்து சண்டை போட்டு வாய்க்கால் வெட்ட வைத்தாள். அதுவும் டயாலிசிஸ் முடிந்த கையோடு, கட்டுப் போட்ட கையோடு. கூடப்பிறந்த தங்கச்சியோடு ஏழு வருஷம் பேசாமல் இருந்து, எட்டாம் வருஷம் பேசி, ஒன்பதாம் வருஷம் திரும்பவும் பேச்சை விட்டாள். என்னோடு சண்டை போடாத சனிக்கிழமை கிடையாது.

"அன்னிக்கு ஒங்கிட்ட செத்துட்டான்னு சொன்னேன். இதெல்லாஞ் சொல்லல. அது என் தப்பு. இப்போ சொல்லிட்டேன். ஒனக்கும் பதினோரு வருசம்னு நான் எழுதித் தர முடியாது, எனக்கே எவ்வளவுன்னு தெரியாது. வரணும்னா வா, வேண்டாம்னா இரு. ஆனா தெரிஞ்சிக்கிட்டு இரு, தெரியாம இருக்காத."

கெஞ்சக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ஜன்னலையே பார்த்தாள். கீழே யாரோ ஒரு மிஷினை மெதுவாக ஓட்டிப் பார்த்து நிறுத்தினார்கள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

அவள் புருஷனைப் பார்த்து, செருப்பை எடுங்கள் என்றாள்.

செருப்பு ஏறவில்லை. கால் அவ்வளவு வீங்கியிருந்தது. புருஷனுடைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டாள். ஏணியில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்து இறக்கினார்கள். துக்கம் கேட்கப் போன வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சார் பட்டறை வாசலில் நின்று தையல்காரர்கள் எல்லோரையும் பார்த்து, போயிட்டு வரோம், போயிட்டு வரோம் என்று இரண்டு தடவை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சென்டர் கிடையாது. டாக்ஸியிலிருந்தே டெக்னீஷியனுக்குப் போன் போட்டேன். இந்தியில் என்னை வாங்கு வாங்கு என்று வாங்கினார், பிறகு பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குத் தானே பேசி, எங்களுக்கு முன்னால் அங்கே போய் நின்றார். அவள் உடம்பில் ஐந்து கிலோ தண்ணீர் ஏறியிருந்தது. அதில் கொஞ்சத்தை இறக்கிய பிறகுதான் டாக்டர் முகத்தில் களை வந்தது. வராந்தாவில் டெக்னீஷியன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் ஒரு பெரியவர் இறந்ததை வார்டில் சொன்னாராம், எல்லோரும் கலங்கிப் போக, மேலே உள்ளவர்கள் இவரைத் திட்டி இந்தத் தாணே வசனத்தைச் சொல்லிக்கொடுத்தார்களாம். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்த அலமாரியில் இருக்கிற ஜாக்கெட்டை நாளைக்கே எடுத்துத் தர வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை சென்டர் பொறுப்பாளர் அம்மாளிடம் போய் நின்றேன், சாரும் கூட நின்றார். நோயாளிகளின் மன அமைதிக்காகத்தான் அப்படிச் சொல்லுகிறோம் என்றார் அந்த அம்மாள். மன அமைதிக்கென்றே இங்கிலீஷில் அச்சடித்த ஒரு காகிதத்தையும் கொடுத்தார், மேலே சூரிய உதயப் படம். நான் அதைத் திருப்பி மேஜையில் வைத்தேன். எங்கள் ரத்தம் வெளியே போய்ச் சுற்றி உள்ளே வருவதை வாரத்துக்கு மூன்று நாள் கண்ணால் பார்க்கிறோம், சாவுச் செய்தியை எங்களிடமிருந்து ஒளித்துவைக்க வேண்டாம், எங்கள் மனசை நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம் என்றேன். நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை என்பதற்குத்தான் ஐந்தாம் படுக்கை சாட்சி என்று சொல்லியிருக்கலாம். நல்லவேளை, அந்த அம்மாளுக்கு அது தோன்றவில்லை.

அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் ஒரு நாள் வரவில்லை என்றால் அடுத்த படுக்கைக்காரர் போன் போட வேண்டும், யாரையும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. இறந்துவிட்டார் என்றால் டெக்னீஷியன் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு எங்களால் எழுந்து நிற்க முடியாது, படுத்தபடியேதான் பேசுவோம். முதலில் எத்தனை வருஷம் மிஷினில் இருந்தார் என்று ஒருவர் சொல்லுவார். அப்புறம் ஆளுக்கு ஒரு புகார். ஆமாம், புகார்தான். புகழ்ந்து பேசினால் யாரைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். தைலம் தடவிக்கொண்டு வந்து என் தலையை வலிக்கவைத்தார், கிரிக்கெட்டைச் சத்தமாக வைத்தார், என் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார் என்று சொன்னால்தான் அந்த ஆள் அந்தப் படுக்கையில் படுத்திருந்தது தெரிகிறது. சில நாள் சிரிக்கிறோம். சில நாள் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டோம், மிஷின் சத்தம் மட்டும் கேட்கும். ஆனால் யாரும் வாஷிக்குப் போவதில்லை.

மூன்றாம் படுக்கையில் கொஞ்ச நாள் யார் யாரோ படுத்தார்கள். மழைக்காலம் தொடங்கியபோது நிரந்தரமாக ஒரு பெண் வந்தாள், ஐம்பது வயசிருக்கும், மாட்டுங்காவில் பூக்கட்டுகிறவள். முதல் நாள். சுருட்டிய ரவிக்கைக் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். ஊசி போட்டு டேப் ஒட்டி முடிக்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, இந்தப் படுக்கையில் முன்னால் யார் இருந்தார்கள் என்பதுதான்.

டெக்னீஷியன் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். நான் சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பேனோ, தெரியாது. அதற்குள் என் தலைக்கு மேலே வலது பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஒரு அக்கா இருந்தாக. செத்துட்டாக. அதுக்கு முன்னால பதினோரு வருசம் இதே படுக்கையில கெடந்து, எல்லாரோடவும் சண்ட போட்டாக. அவுகளுக்குன்னு ஒரு சட்டை தச்சு வச்சிருக்கேன், கையில ஜிப் வச்சது. அவுக போட்டுப் பாக்கல. அடுத்த தடவ கொண்டாரேன், நீங்க போட்டுப் பாருங்க. சரியா இல்லன்னா பிரிச்சுத் தச்சுக்கிடலாம்."

புதுப் பெண் என் படுக்கையைத் தாண்டி அவளையே பார்த்தாள். எத்தனை வருஷம் என்று சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"பதினொண்ணு" என்றாள் ஐந்தாம் படுக்கை.